கிரீன் கார்டு மனுவுக்கு உறவினரை ஜாயின்ட் ஸ்பான்சராகக் கேட்பதா, வேறு வழி பார்ப்பதா?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் ஊரில் இருக்கும் மனைவிக்காக ஐ-130 மனு (உறவினரை அழைக்கும் மனு) போடுகிறார். மனு அங்கீகாரம் ஆகிறது. அடுத்து ஐ-864 என்ற பண ஆதரவு உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப உட்காரும்போதுதான் சம்பளம் அதில் கேட்கும் வரம்பைத் தொடவில்லை என்பது தெரிகிறது. வீட்டில் உடனே எழும் யோசனை ஒன்றுதான்: "அண்ணன் நியூஜெர்சியில் நல்லா சம்பாதிக்கிறாரே, ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு." அந்த ஒரு கையெழுத்து வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்பதைவிடக் கனமானது. கடன் ஜாமீன் தவணை முடிந்ததும் தீரும். இது கல்யாணமே முறிந்தாலும் தீராது.

வருமானக் குறையை அடைக்க ஐந்து வழிகள் உண்டு: மனுதாரர் தன் வருமானத்தைச் சரியாகக் காட்டுவது, சொத்தைக் காட்டுவது, வரப்போகும் மனைவியின் வருமானத்தைச் சேர்ப்பது, அதே வீட்டில் வசிக்கும் உறவினரின் வருமானத்தைச் சேர்ப்பது, கடைசியாகத் தனி ஜாயின்ட் ஸ்பான்சர் (தானும் தனியாக ஐ-864 போட்டுப் பொறுப்பேற்பவர்). பலரும் முதல் மூன்றைப் பார்க்காமலேயே ஐந்தாவதுக்குத் தாவுகிறார்கள். இங்கே கணவர் மனுதாரர், மனைவி வரப்போகிறவர் என்று வைத்துச் சொல்கிறோம். மனைவி மனுதாரராக இருந்தாலும் கணக்கு இதேதான்.

கனடா, பிரிட்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் விதிகளை இதோடு கலக்க வேண்டாம். கனடாவில் துணைவருக்கான ஸ்பான்சரில் பெரும்பாலும் வருமான வரம்பே கிடையாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் 29,000 பவுண்டு வரம்பு. இனி வருவது முழுக்க அமெரிக்காவைப் பற்றியது.

குறை எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

மனுதாரரின் ஆண்டு வருமானம், அவருடைய குடும்ப எண்ணிக்கைக்கு உரிய ஃபெடரல் வறுமைக் கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு அளவின்படி (அலாஸ்கா, ஹவாய்க்குத் தனிக் கணக்கு) இரண்டு பேருக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187, ஐந்து பேருக்கு 47,062. ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவிக்கோ பிள்ளைக்கோ மனு போட்டால் 100 சதவீதம் போதும். இரண்டு பேருக்கு 21,150. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் இந்த எண்கள் மாறும். ஐ-864பி என்ற தாளில் அப்போதைய அளவு இருக்கும், அதைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும்.

பிழை பெரும்பாலும் நுழைவது குடும்ப எண்ணிக்கையில். அதில் மனுதாரர், வரப்போகும் மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள் (வேறு வீட்டில் இருந்தாலும்), வரித்தாக்கலில் சார்ந்திருப்போராகக் காட்டியவர்கள், இவர்களோடு முன்பு ஐ-864 போட்டு அழைத்துவந்து இன்னும் பொறுப்பு முடியாதவர்களும் சேர்வார்கள். நான்கு வருடம் முன்பு அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்தவர், அவர்கள் இப்போது ஊரிலேயே பாதி நாள் இருந்தாலும், இருவரையும் எண்ணியே ஆக வேண்டும்.

அடுத்து வருமானம். கேட்கப்படுவது இன்றைய ஆண்டு வருமானம். போன வருடத்து வரித்தாக்கல் அதற்குச் சான்றுகளில் ஒன்றுதான். போன வருடம் படிப்பு முடித்து ஆறு மாதம் மட்டும் வேலை பார்த்து 15,000 காட்டியவர், இப்போது 42,000 சம்பளத்தில் இருந்தால் அவருக்கு ஜாயின்ட் ஸ்பான்சர் தேவையே இல்லாமல் போகலாம். வேலையில் சேர்ந்த தேதி, பதவி, ஆண்டுச் சம்பளம் மூன்றும் உள்ள நிறுவனக் கடிதம், கடைசி ஆறு மாத பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), படிவத்தில் இன்றைய வருமானம் என்ற இடத்தில் 42,000. இவை போதும். பழைய ரிட்டர்னைப் பார்த்து 15,000 என்றே எழுதிவிட்டு, பிறகு மச்சானைத் தேடி ஓடுவது தேவையில்லாத வேலை.

சொத்து: பலரும் தாண்டிப் போகும் வழி

ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். மனுதாரர் அமெரிக்கக் குடிமகன். சம்பளம் 24,000. வீட்டில் அவரும் வரப்போகும் மனைவியும் மட்டும். வரம்பு 26,437. குறை 2,437 டாலர். குடிமகனின் துணைவருக்கு, குறையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்டினால் போதும். 2,437 பெருக்கல் மூன்று, 7,311 டாலர். சேமிப்புக் கணக்கில் ஏழாயிரத்துச் சொச்சம் இருந்தால் கணக்குப்படி குறை அடைந்துவிட்டது. இதற்காக ஒரு மாமாவைப் பத்து வருடப் பொறுப்பில் மாட்டிவிட வேண்டுமா?

மனுதாரர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் ஐந்து மடங்கு: 12,185 டாலர். அதுகூடப் பலருக்கு எட்டக்கூடியதே. வருமானமே இல்லாத மாணவருக்குத்தான் கணக்கு கை மீறுகிறது. முழு 26,437க்கும் மூன்று மடங்கு என்றால் 79,311. ஐந்து மடங்கு என்றால் 1,32,185. குறை சிறியதாக இருந்தால் சொத்து, குறை பெரியதாக இருந்தால் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எது சொத்து என்பதில் விதி கறாரானது. பன்னிரண்டு மாதத்துக்குள், பெரிய நஷ்டமோ கஷ்டமோ இல்லாமல் பணமாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வங்கி இருப்பு, எஃப்.டி., பங்குகள் சிக்கல் இல்லாதவை. சொந்த வீட்டைக் காட்டினால் மதிப்பீட்டு அறிக்கையும், கடன் பாக்கி கழித்த நிகர மதிப்பும் வேண்டும். முதல் கார் கணக்கில் வராது. இரண்டாவது கார் இருந்தால் வரும். 401(கே) போன்ற ஓய்வுக்காலக் கணக்கைக் காட்டுவதானால், முன்கூட்டியே எடுத்தால் போகும் வரியையும் அபராதத்தையும் கழித்து எஞ்சுவதைக் காட்டுவதே நேர்மையான கணக்கு.

மனைவி பெயரில் ஊரில் இருக்கும் சொத்தும் எண்ணப்படும். அவர் பெயரில் உள்ள எஃப்.டி.க்கு வங்கிச் சான்றும், கணக்கு எப்போது தொடங்கியது, கடந்த ஒரு வருட வரவு என்ன, இப்போது இருப்பு என்ன என்ற விவரமும் போதும். அந்தப் பணம் இந்தியாவிலிருந்து வெளியே வர முடியும் என்பதையும் காட்டலாம். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மனை, வீடு என்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் பத்திரமும் பட்டாவும் வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் வழுக்கும். "அவளுக்குத்தான் அந்த வீடு" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பட்டா மாமனார் பெயரில் இருக்கும். தாத்தா சொத்தில் பங்கு பிரியாமல் இருக்கும். பெயரில் இல்லாத சொத்து இல்லாத சொத்துதான். நகையைக் காட்டி வாதிடுவதும் எங்கள் பார்வையில் வீண் அலைச்சல். அதை விற்று எஃப்.டி. போட மனம் இருந்தால் மட்டும் அது சொத்து.

உறவினர் உதவ வேண்டும் என்று நினைத்தால், கையெழுத்துக்குப் பதில் பணமாகவே கொடுப்பதும் ஒரு வழி. அது உண்மையான அன்பளிப்பாக, திருப்பித் தர வேண்டாத பணமாக இருக்க வேண்டும். நேர்காணல் முடிந்ததும் திரும்பப் போகும் பணத்தைச் சொத்தாகக் காட்டுவது மோசடி. நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பு கணக்கில் மொத்தமாக விழுந்த தொகையை அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். அன்பளிப்புக் கடிதமும், கொடுத்தவர் கணக்கிலிருந்து வந்ததற்கான சான்றும் கையில் இருக்கட்டும். அமெரிக்காவில் இருப்பவர் கொடுத்தால் 2025இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை அன்பளிப்பு வரித்தாக்கல்கூட அவருக்குத் தேவையில்லை. மேலே பார்த்த 7,311 டாலர் கணக்கில், உறவினர் தரும் ஏழாயிரம் டாலர் அவர் கையெழுத்தைவிட அவருக்கே மலிவு.

மனைவியின் சம்பளம்

மனைவி வந்த பிறகும் அதே இடத்திலிருந்து அதே வருமானம் தொடரும் என்றால் அதைச் சேர்க்கலாம். ஏற்கெனவே வேலை அனுமதியோடு அமெரிக்காவில் இருந்து, ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே கிரீன் கார்டு நிலைக்கு மாற்றம் (நிலை மாற்றம்) கேட்பவருக்கு இது நன்றாகப் பொருந்தும். கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருப்பவரின் சம்பளம் விமானம் ஏறியதும் நின்றுவிடும், அதனால் எண்ணப்படாது. ஒரு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை பார்க்கிறவர், அமெரிக்கா போன பிறகும் வேலை தொடரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் வாதிட இடம் உண்டு. அனுமதி இல்லாமல் பார்த்த வேலையின் வருமானம் எந்த நிலையிலும் சேராது.

ஒரே வீட்டு உறவினரா, தனி ஜாயின்ட் ஸ்பான்சரா?

உறவினரின் பெயர் படிவத்தில் வரும் வழிகள் இரண்டு. பலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு.

முதல் வழி ஐ-864ஏ. மனுதாரரோடு அதே வீட்டில் வசிக்கும் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், வயது வந்த பிள்ளை போன்றோர் தங்கள் வருமானத்தை மனுதாரரின் வருமானத்தோடு கூட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் படிவம். மனுதாரரின் வரித்தாக்கலில் சார்ந்திருப்போராக இருப்பவர் வேறு இடத்தில் வசித்தாலும் கையெழுத்திடலாம். இங்கே வருமானங்கள் கூடும். மகன் 24,000, அதே வீட்டில் இருக்கும் அம்மா பகுதிநேர வேலையில் 12,000. அம்மா சேர்வதால் எண்ணிக்கை மூன்று ஆகி வரம்பு 33,312 ஆகிறது. கூட்டு வருமானம் 36,000. முடிந்தது. ஒரே முகவரி என்பதற்கு ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம் என்று ஏதாவது இரண்டு சான்று வேண்டும்.

இரண்டாவது வழி தனி ஐ-864 போடும் ஜாயின்ட் ஸ்பான்சர். இங்கே வருமானங்களைக் கூட்ட முடியாது. மனுதாரர் 24,000, அக்கா 30,000, ஆக 54,000 என்று போடும் கணக்கு செல்லாது. அக்கா, தன் குடும்பத்தையும் வரப்போகும் தம்பி மனைவியையும் சேர்த்த எண்ணிக்கைக்கு, தன் வருமானத்தில் தனியாகவே 125 சதவீதத்தைத் தொட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு ஜாயின்ட் ஸ்பான்சர்களின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டவும் முடியாது. இரண்டு பேர் வரை அனுமதி உண்டு என்பது, ஒரே மனுவில் பலர் வரும்போது ஆட்களைப் பிரித்துக்கொள்வதற்காக. இன்னொன்று: குடிமகனின் மனைவி பிரிவில் பிள்ளைகள் துணையாகச் சேர மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மனு, தனி ஐ-864. கிரீன் கார்டுகாரரின் மனைவி பிரிவில் பிள்ளைகள் அம்மாவோடு அதே மனுவில் வரலாம்.

பொறுப்பில் இரண்டும் சமம். "864ஏ சும்மா வீட்டு ஆள் கையெழுத்துதான்" என்று அம்மாவிடம் சொல்லி வாங்குவது அவரை ஏமாற்றுவதாகும். அவரும் அதே அளவுக்குப் பொறுப்பாளிதான்.

எந்த உறவினர்?

சம்பளத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான தவறு. பார்க்க வேண்டியது வேறு மூன்று: அவருடைய குடியேற்ற நிலை, தலை எண்ணிக்கை, வரித்தாளில் தெரியும் எண்.

நிலை முதலில். ஜாயின்ட் ஸ்பான்சர் 18 வயது நிரம்பிய, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டுகாரராகவோ இருக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் 1,80,000 டாலர் வாங்கும் பெரியப்பா மகனால் இதில் ஒன்றும் செய்ய முடியாது. மளிகைக் கடையில் 31,000 டாலருக்கு வேலை பார்க்கும், கிரீன் கார்டு உள்ள, கல்யாணமாகாத மைத்துனரால் முடியும். அவருக்கு எண்ணிக்கை இரண்டுதான்: அவரும் வரப்போகிறவரும். 26,437ஐ எளிதாகத் தாண்டுகிறார்.

இப்போது டல்லாஸில் இருக்கும் அக்கா வீட்டைப் பாருங்கள். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அக்கா ஐ-864 போட்டு அழைத்துவந்த அப்பா அம்மா. ஆறு பேர். வரப்போகிறவரோடு ஏழு. 2025 அளவில் ஏழு பேருக்கு வரம்பு 60,812 டாலர். அக்காவின் சம்பளம் 58,000 என்றால், மைத்துனரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பாதிக்கும் அக்காவால் தனியாக முடியாது. அத்தானும் ஐ-864ஏ போட்டுச் சேர்ந்தால்தான் முடியும். ஆக ஒரு கையெழுத்து இரண்டாகிறது. அப்பா அம்மா இதற்குள் குடியுரிமை பெற்றிருந்தால் அவர்களுக்கான ஸ்பான்சர் பொறுப்பு முடிந்துவிடும். அந்த இரண்டு பேரும் கணக்கிலிருந்து கழிவார்கள், வரித்தாக்கலில் சார்ந்திருப்போராக இல்லாதவரை.

மூன்றாவது வரித்தாள். சொந்தத் தொழில் செய்யும் சித்தப்பா பெட்ரோல் பங்கு, மோட்டல் என்று வைத்திருப்பார். ஊருக்கே பணக்காரர். ஆனால் பார்க்கப்படுவது அவருடைய 1040 வரித்தாக்கல் படிவத்தின் 9ஆவது வரியில் உள்ள மொத்த வருமானம். கணக்காளர் தேய்மானம், செலவு எல்லாம் கழித்து நிகர லாபத்தை 22,000க்குக் கொண்டுவந்து வைத்திருந்தால், ஐ-864இல் அவர் 22,000 டாலர்காரர்தான். வரி மிச்சப்படுத்திய அதே எண் இங்கே எதிராகத் திரும்புகிறது. அவரிடம் கேட்கும் முன் 9ஆவது வரியை மட்டும் கேட்டுவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம். ஓய்வு பெற்ற உறவினரையும் தள்ளிவிட வேண்டாம்: சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், பென்ஷன் இரண்டும் வருமானமே. எஸ்.எஸ்.ஐ. போன்ற வறுமை உதவித்தொகை மட்டும் சேராது.

படிவம் உறவினரின் கிரெடிட் ஸ்கோரையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கேட்பதில்லை. உறவுமுறையும் சட்டப்படி கட்டாயமில்லை; நண்பரும் ஆகலாம். ஆனாலும் தூதரக அதிகாரி "இவர் உங்களுக்கு என்ன வேண்டும், ஏன் கையெழுத்திடுகிறார்?" என்று கேட்பது உண்டு. மனைவிக்கு அந்தப் பெயரும் ஊரும் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். நேர்காணலில் ஜாயின்ட் ஸ்பான்சரின் பெயரே தெரியாமல் விழிப்பது நல்ல காட்சியல்ல.

கையெழுத்திடுபவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார்

இது அமெரிக்க அரசோடு போடும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 வேலைக் காலாண்டுகள் அவர் சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் சேரும்வரை, அல்லது கிரீன் கார்டைக் கைவிட்டு நிரந்தரமாக வெளியேறும்வரை, அல்லது இறக்கும்வரை நீடிக்கும். விவாகரத்து இந்தப் பட்டியலில் இல்லை. 2025இல் ஒரு காலாண்டுக்கு 1,810 டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்தது; வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. ஆக அவர் உழைப்பில் மட்டும் குறைந்தது பத்து வருடம். கணவர் திருமணக் காலத்தில் சேர்க்கும் காலாண்டுகளும் மனைவிக்குக் கணக்கில் வரும், ஆனால் விவாகரத்து ஆகிவிட்டால் அவை வராது. குடியுரிமை வழி வேகமானது: குடிமகனின் மனைவியாகச் சேர்ந்து வாழ்பவர் கிரீன் கார்டு பெற்ற மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவரை விண்ணப்பிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது.

இரண்டு பக்கத்திலிருந்து கேள்வி வரலாம். வந்தவர் எஸ்.எஸ்.ஐ., டி.ஏ.என்.எஃப். (ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி), ஸ்நாப் (உணவு உதவி), அவசரமல்லாத மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவ உதவி) போன்றவற்றை வாங்கினால், அந்த உதவியைக் கொடுத்த அலுவலகம் மனுதாரரிடமோ ஜாயின்ட் ஸ்பான்சரிடமோ யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "முதலில் அவரைக் கேளுங்கள்" என்று ஜாயின்ட் ஸ்பான்சர் ஒதுங்க முடியாது. வந்தவரே வழக்குப் போட்டு, தன் வருமானத்துக்கும் 125 சதவீதத்துக்கும் இடையிலான குறையைக் கேட்கலாம். தனியாள் என்றால் 2025 அளவில் ஆண்டுக்கு 19,562 டாலர், அதில் அவர் சம்பாதிப்பது கழியும். வேலை தேடாமல் இருக்கிறாரே என்ற வாதத்தை 2012இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. திருமணத்துக்கு முன் எழுதிவாங்கிய ஒப்பந்தம் இந்தப் பொறுப்பை நீக்காது என்று 2016இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் சொன்னது.

நடைமுறையில் வேலைக்குப் போகக்கூடிய, படித்த மனைவி என்றால் ஆபத்து சிறியது. அதைப் பெரிதாக்கி உறவினரைப் பயமுறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உறவினருக்கு இதைவிட உறுதியாக வரும் விளைவு வேறொன்று: அடுத்த வருடம் அவர் தன் அப்பா அம்மாவை அழைக்க ஐ-864 போடும்போது, நீங்கள் அழைத்துவந்த மனைவி அவருடைய குடும்ப எண்ணிக்கையில் ஒரு தலையாக நிற்பார். 2025 கணக்கில் அவருடைய வரம்பு 6,875 டாலர் ஏறும். விளிம்பில் சம்பாதிப்பவருக்கு அது பெற்றோர் மனுவையே தடுக்கலாம். கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுவது மரியாதை.

மனம் மாறினால் விலகலாம், மனைவி நிரந்தரக் குடியேற்ற நிலை பெறும்வரை. பெற்றபின் கதவு மூடிவிடும்.

ஜாயின்ட் ஸ்பான்சரால் தீராத இரண்டு சிக்கல்கள்

எவ்வளவு பெரிய சம்பளக்கார உறவினர் வந்தாலும் மனுதாரர் தன் பெயரில் ஒரு ஐ-864 போட்டே ஆக வேண்டும், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும். "அண்ணன்தான் போட்டுட்டாரே" என்று மனுதாரரின் படிவத்தை விட்டுவிடுவது மனு திரும்பிவர மிகச் சாதாரணமான காரணம்.

அடுத்தது வசிப்பிடம். அமெரிக்கக் குடிமகன் கல்யாணத்துக்காகச் சென்னை வந்து இரண்டு வருடமாக இங்கேயே மனைவியோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அமெரிக்காவை வசிப்பிடமாகக் காட்ட வேண்டும், அல்லது மனைவி நுழையும் நாளுக்குள் அங்கே குடியேறப் போவதைக் காட்ட வேண்டும்: வேலை அழைப்புக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு. ஜாயின்ட் ஸ்பான்சர் பணக் குறையை மட்டுமே அடைப்பார். இந்தக் குறையை அடைக்க மாட்டார். வரித்தாக்கலும் அப்படியே. குடிமகன் இந்தியாவில் சம்பாதித்தாலும் உலக வருமானத்துக்கு அமெரிக்காவில் தாக்கல் செய்யும் கடமை உண்டு. செய்யாமல் விட்டிருந்தால் முதலில் தாமதத் தாக்கலை முடித்துவிட்டு வாருங்கள். உண்மையிலேயே வரித்தாக்கல் வரம்புக்குக் கீழ் வருமானம் என்றால் அதை விளக்கி ஒரு கடிதம் இணைத்தால் போதும்.

தாள்களில் என்ன தவறுகிறது

மனைவி இந்தியாவில் இருந்தால் தாள்கள் தேசிய விசா மையத்துக்கு இணையத்தில் ஏறும், நேர்காணல் மும்பையில். ஐ-864க்கான 120 டாலர் கட்டணம் ஒருமுறைதான், ஜாயின்ட் ஸ்பான்சருக்குத் தனியாக இல்லை. ஜாயின்ட் ஸ்பான்சரிடமிருந்து வேண்டியவை: அவருடைய ஐ-864, கடைசி ஆண்டு ஃபெடரல் வரித்தாள், நிலைச் சான்று (பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், குடியுரிமைச் சான்றிதழ், அல்லது கிரீன் கார்டின் இரு பக்கமும்), வேலைக் கடிதம், பே ஸ்டப்.

வரித்தாளுக்கு முழு ரிட்டர்னைவிட ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தரும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற சுருக்க நகல் நல்லது. டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) தனியாக வேண்டாம், சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். தன் வரி விவரம் தம்பி வீட்டார் கையில் போகிறதே என்று தயங்கும் உறவினருக்கு இது ஓரளவு ஆறுதல். ஒரு விதிவிலக்கு: உறவினர் துணைவரோடு சேர்ந்து தாக்கல் செய்து, தன் வருமானம் மட்டும் போதும் என்று காட்டுவதானால், யாருடையது எவ்வளவு என்று பிரிக்க அவருடைய டபிள்யூ-2 வேண்டும்.

படிவத்தின் முதல் பகுதியிலேயே நீங்கள் யார் என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். மனுதாரர் "மனுதாரர்" கட்டத்திலும், அக்கா "ஒரே ஜாயின்ட் ஸ்பான்சர்" கட்டத்திலும். ஒரே ஆள் இரண்டு படிவத்தையும் நிரப்பும் வீடுகளில் இரண்டிலும் "மனுதாரர்" என்றே விழுந்திருக்கும். அதேபோல அக்காவின் படிவத்தில் மனுதாரரான தம்பியையும் தலை எண்ணிக்கையில் சேர்த்துவிடுவது. அவர் அங்கே வரமாட்டார், வரப்போகும் மனைவி மட்டும்தான். கையெழுத்து பேனாவால் போட வேண்டும். தட்டச்சுப் பெயர் செல்லாது. நோட்டரி தேவையில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே நிலை மாற்றத்துக்குப் போடுபவர்கள் படிவத்தின் பதிப்புத் தேதியையும் பார்த்துவிட வேண்டும், பழைய பதிப்பு போனால் திரும்பிவரும். நேர்காணல் ஏப்ரல் 15க்குப் பிறகு விழுந்தால் புதிய ஆண்டின் வரித்தாளையும் மனைவி கையில் கொடுத்தனுப்புங்கள், மனுதாரர், ஜாயின்ட் ஸ்பான்சர் இருவருடையதும்.

நேர்காணலில் ஐ-864 ஆதரவுத் தாள் போதவில்லை என்றால் 221(ஜி) என்ற தாளைக் கொடுப்பார்கள். அது முடிவான மறுப்பல்ல. கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுக்கலாம், புதிய ஜாயின்ட் ஸ்பான்சரையும் அப்போது சேர்க்கலாம். அதனால் குறை சிறியதாக இருந்து சொத்துக் கணக்கு சரியாக வருகிறவர்கள், முதலில் அதோடு போய்ப் பார்க்கத் தயங்க வேண்டாம். உறவினரிடம் மட்டும் முன்கூட்டியே பேசி, தாள்களைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். பயணத் தேதி நெருக்கடியாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் முதலிலேயே சேர்த்துவிடுவது மேல்.

மனைவி வந்து சேர்ந்த பிறகு உறவினருக்கு மிச்சமிருக்கும் வேலை ஒன்று. வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 250 முதல் 2,000 டாலர். வந்தவர் அரசு உதவி வாங்குவது தெரிந்தும் விட்டால் 2,000 முதல் 5,000. அவருக்கு இது நினைவிருக்காது. அவர் வீடு மாறும் செய்தி கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியது கையெழுத்து வாங்கியவர்தான்.